ரோபோவின் காதும் துடிப்பின் நீளமும்



நம் பிள்ளைகள் பலர் இப்போது பள்ளியில் சிறு ரோபோக்களைச் செய்கிறார்கள். இரண்டு சக்கரம், ஒரு பேட்டரிப் பெட்டி, நடுவில் நீல நிறப் பலகை ஒன்று, முன்னால் இரண்டு கண்களைப் போலத் தெரியும் ஒரு சிறு கருவி. இதுதான் அந்த ரோபோ. தோட்டத்திலேயே இருக்கும் வீடுகளிலும், தோட்டத்தை விட்டுப் பக்கத்துத் தாமானுக்குக் குடிபோன வீடுகளிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். 2017ஆம் ஆண்டு தொடங்கிய இடைநிலைப்பள்ளிக் கலைத்திட்டத்தில், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடத்தில், இரண்டாம் படிவ மாணவர்களுக்கு நுண்கட்டுப்படுத்தியைப் பற்றிய பகுதி வைக்கப்பட்டது. ஆகவே, இது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று.

இந்த ரோபோ சுவரைக் கண்டால் நிற்க வேண்டும். ஆனால், முதல் நாள் ஓடவிடும்போது பெரும்பாலும் அது நிற்பதில்லை. நேராகப் போய்ச் சுவரில் முட்டுகிறது. இல்லாவிட்டால், எதிரே ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில் பேய் பிடித்ததைப் போலச் சுற்றிச் சுற்றி வருகிறது. பிள்ளை இரண்டு நாள் போராடிப் பார்க்கிறது. மூன்றாம் நாள், “எனக்கு இது வராது” என்று பெட்டியை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறது. அந்த ஒரு சொல் இருக்கிறதே, அது பத்து வெள்ளிக் கருவி பழுதாவதைக் காட்டிலும் பெரிய நட்டம். குறை பிள்ளையின் தலையில் இல்லை. அந்த ரோபோ தன் காதால் கேட்பதை எப்படிப் படிக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அதைத்தான் இன்று நாம் படிப்படியாகக் காணப் போகிறோம்.

முதலில், துடிப்பு என்றால் என்ன என்று பார்ப்போம்.

விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இருவர் பால்மரம் வெட்டப் போகிறார்கள். ஒருவர் மேட்டுப் பக்கத்து நிரையில் நிற்கிறார். மற்றவர் பள்ளத்து நிரையில் நிற்கிறார். கூப்பிட்டால் கேட்காத தூரம். மேட்டில் இருப்பவர் விளக்கை ஏற்றுகிறார், சற்று நேரம் வைத்திருக்கிறார், அணைக்கிறார். இதுதான் ஒரு துடிப்பு. விளக்கு எரிந்துகொண்டிருந்த நேரம் அந்தத் துடிப்பின் நீளம். சில நூல்களில் இதைத் துடிப்பின் அகலம் என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான்.

இப்போது அவர்கள் இருவரும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். விளக்கின் வெளிச்சம் மங்கலாக இருந்தால் ஒரு செய்தி, பளிச்சென்று இருந்தால் வேறொரு செய்தி என்று பேசிக்கொண்டால் என்ன ஆகும்? பேட்டரி தீரத் தீர வெளிச்சம் மங்கும். பனிமூட்டம் வந்தாலும் மங்கும். பள்ளத்தில் இருப்பவர் செய்தியைத் தவறாகப் புரிந்துகொள்வார். அதற்கு மாறாக, விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்பதையே செய்தியாக வைத்துக்கொண்டால்? பேட்டரி பழையதானாலும், பனி மூடியிருந்தாலும், விளக்கு கண்ணுக்குத் தெரிகிறவரையில் மூன்று எண்ணும் நேரம் மூன்று எண்ணும் நேரமாகவே இருக்கும். அது மாறுவதில்லை.

ரோபோவுக்குள்ளும் இதே நிலைமைதான். சக்கரத்தைச் சுற்றும் மோட்டார் ஓடும்போதெல்லாம் மின்சாரத்தின் அழுத்தம் ஏறி இறங்குகிறது. கம்பி நீளமாக இருந்தால் வழியில் சிறிது குறைகிறது. அழுத்தத்தின் அளவையே செய்தியாக வைத்தால் அது வழியிலேயே கெட்டுப் போகலாம். ஆகவேதான், பல உணர்கருவிகள் தாம் கண்டதை நேரமாக மாற்றி அனுப்புகின்றன. ‘மின்சாரம் உண்டு’, ‘மின்சாரம் இல்லை’ என்ற இரண்டே நிலைகள். ‘உண்டு’ என்ற நிலை எவ்வளவு நேரம் நீடித்தது என்பதே விடை. படிக்கிற பலகைக்குத் தேவையானது ஒரு நல்ல கடிகாரம் மட்டும்தான்.

இனி, அந்த இரண்டு கண் கருவிக்கு வருவோம். பார்ப்பதற்குக் கண்களைப் போல இருந்தாலும் உண்மையில் அவை கண்கள் அல்ல. ஒன்று வாய், மற்றொன்று காது. கடைகளில் அதை எச்.சி.எஸ்.ஆர். 04 என்ற பெயரில் விற்கிறார்கள். சில வெள்ளி விலைக்கே கிடைக்கிறது. அது செய்கிற வேலையை வௌவால் காலங்காலமாகச் செய்துவருகிறது.

மாலையில் விளக்குக் கம்பத்தைச் சுற்றிப் பூச்சி பிடிக்கும் சிறு வௌவால்களைப் பார்த்திருப்பீர்கள். கும்மிருட்டிலும் அவை கம்பியில் மோதுவதில்லை. 1793ஆம் ஆண்டளவில் இத்தாலி நாட்டு அறிஞர் ஸ்பல்லன்சானி, கண் தெரியாத வௌவாலும் மோதாமல் பறக்கிறது என்பதைச் சோதித்துக் கண்டார். ஆனால், காரணம் விளங்கவில்லை. 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்டு கிரிஃபின் என்பவர், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் கருவியின் முன் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தார். அவை ஓயாமல் கத்திக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. தம் குரல் எதிரே இருக்கும் பொருளில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டே அவை வழி அறிகின்றன.

நம் கருவியும் அப்படித்தான் கத்துகிறது. நீலப் பலகை அதன் ‘டிரிக்’ என்ற காலில் 10 மைக்ரோ வினாடி நேரம் மின்சாரத்தைக் கொடுத்து, “கத்து” என்று ஆணையிடுகிறது. மைக்ரோ வினாடி என்பது ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆணை கிடைத்ததும் கருவியின் வாய், வினாடிக்கு 40,000 அதிர்வுகள் கொண்ட ஒலியில் எட்டு அலைகளை வெளியிடுகிறது. மனிதக் காது ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையில்தான் கேட்கும். ஆதலால், அது கத்துவது நமக்குக் கேட்பதில்லை. கத்தியவுடன் கருவி தன் ‘எக்கோ’ என்ற காலில் மின்சாரத்தை ஏற்றுகிறது; அதாவது விளக்கை ஏற்றுகிறது. சுவரில் பட்ட ஒலி திரும்பிக் காதில் விழுந்த உடனே விளக்கை அணைக்கிறது. விளக்கு எரிந்த நேரம்தான் ஒலி போய் வந்த நேரம்.

இப்போது கணக்கு எளிது. நம் ஊர் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் என்று கொண்டால், காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஓடும். சுவர் ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தால், ஒலி போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர், ஆக இரண்டு மீட்டர் ஓட வேண்டும். அதற்கு ஏறத்தாழ 5,700 மைக்ரோ வினாடி ஆகும். செண்டிமீட்டருக்கு வகுத்தால் 57 மைக்ரோ வினாடி. ஆகவே, வந்த துடிப்பின் நீளத்தை 57ஆல் வகுத்தால் தூரம் செண்டிமீட்டரில் கிடைத்துவிடும். துடிப்பு 1,140 மைக்ரோ வினாடி என்றால் சுவர் 20 செண்டிமீட்டரில் இருக்கிறது. பிள்ளைகள் அடிக்கடி மறப்பது எது தெரியுமா? ஒலி போய்த் திரும்பியும் வருகிறது என்பதைத்தான். அதை மறந்தால், சுவர் இருக்கும் தூரத்தைப் போல இரண்டு மடங்கு விடை வரும்.

சரி, இத்தனை நுண்ணிய நேரத்தை அந்தப் பலகை எப்படி அளக்கிறது?

அந்தப் பலகைக்கு ஆர்டுயினோ ஊனோ என்று பெயர். 2005ஆம் ஆண்டு இத்தாலியில் உள்ள இவ்ரேயா என்ற ஊரில், மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் பயன்படுத்தும்படி ஆர்டுயினோ பலகைகள் உருவாக்கப்பட்டன. அதன் சுற்றமைப்பை எவரும் பார்க்கலாம், எவரும் செய்யலாம் என்று வெளியிட்டுவிட்டார்கள். அதனால்தான் இன்று பல நாடுகளில் குறைந்த விலையில் அதே வகைப் பலகைகள் செய்யப்படுகின்றன.

வெட்டிய மரத்திலிருந்து மங்கில் பால் சொட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சீராகச் சொட்டுவதாக வைத்துக்கொள்வோம். கதவு திறந்ததிலிருந்து மூடும்வரை எத்தனைச் சொட்டு விழுந்தது என்று எண்ணினால், கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று சொல்லிவிடலாம் அல்லவா? ஊனோ பலகையில் உள்ள கடிகாரம் வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை ‘சொட்டுகிறது’. ஒரு மைக்ரோ வினாடிக்குள் 16 சொட்டு. துடிப்பு தொடங்கியது முதல் முடிவது வரை எண்ணிச் சொல்வதற்கென்றே ‘பல்ஸ்இன்’ என்ற ஆயத்தக் கட்டளை ஒன்று இருக்கிறது. அது என்ன செய்கிறது? எக்கோ காலைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. மின்சாரம் ஏறியதும் எண்ணத் தொடங்குகிறது. இறங்கியதும் நிறுத்துகிறது. எண்ணியதை மைக்ரோ வினாடியில் நமக்குச் சொல்கிறது. அவ்வளவுதான்.

இதுவரை எல்லாம் எளிதாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன் ரோபோ சுவரில் முட்டுகிறது? இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது காரணம், காத்திருப்பு. பல்ஸ்இன் கட்டளை துடிப்புக்காக நிற்கும் என்று சொன்னோம். துடிப்பே வராவிட்டால் எவ்வளவு நேரம் நிற்கும்? நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஒரு முழு வினாடி நிற்கும். கம்பி ஒன்று கழன்றிருந்தால் போதும், துடிப்பு வராது. பலகை அந்த ஒரு வினாடியும் வேறு எந்த வேலையையும் பார்ப்பதில்லை. ஆனால், சக்கரம் நிற்கிறதா? இல்லை. கடைசியாகச் சொன்ன கட்டளைப்படி ஓடிக்கொண்டே இருக்கிறது. வினாடிக்கு 30 செண்டிமீட்டர் ஓடும் ரோபோ, கண்ணை மூடிக்கொண்டு ஓர் அடி தூரம் போய்விடும். சுவரில் முட்டாமல் என்ன செய்யும்?

இதற்கு மருந்து, “இவ்வளவு நேரந்தான் காத்திருக்கலாம்” என்று கட்டளையிலேயே ஓர் எல்லையைச் சொல்லிவிடுவது. இந்தக் கருவி 4 மீட்டர் வரையில்தான் அளக்கும். 4 மீட்டருக்கு ஒலி போய்வர ஏறத்தாழ 23,000 மைக்ரோ வினாடி. ஆகவே, 30,000 மைக்ரோ வினாடி என்று எல்லை வைத்தால் தாராளம். அந்த நேரத்திற்குள் நம் ரோபோ ஒரு செண்டிமீட்டர்கூட நகராது. கட்டளையில் ஓர் எண்ணைச் சேர்ப்பது மட்டுமே இதற்குத் தேவை.

ஆனால், எல்லை வைத்தவுடன் இரண்டாவது சிக்கல் வருகிறது. எல்லை தாண்டியும் விடை வராவிட்டால், பல்ஸ்இன் கட்டளை 0 என்ற எண்ணைத் திருப்பித் தருகிறது. அந்த 0 எதைக் குறிக்கிறது? சுவர் 0 செண்டிமீட்டரில், மூக்கை ஒட்டி இருக்கிறது என்றா? இல்லை. “எனக்கு விடை கிடைக்கவில்லை” என்று பொருள். ஆனால், பிள்ளை எழுதிய நிரலில், “தூரம் 20க்குக் குறைவானால் திரும்பு” என்று இருக்கிறது. 0 என்பது 20க்குக் குறைவு. ஆகவே ரோபோ திரும்புகிறது. மறுபடியும் 0. மறுபடியும் திரும்புகிறது. வெட்டவெளியில் சுற்றிச் சுற்றி வருவதன் காரணம் இப்போது புரிகிறதா?

இது விளையாட்டுப் பொருளோடு போகிற செய்தியன்று. இதே கருவியை வைத்துத் தண்ணீர்த் தொட்டியில் நீர்மட்டம் அளக்கும் திட்டத்தையும் பிள்ளைகள் செய்வதுண்டு. தொட்டி 100 செண்டிமீட்டர் ஆழம். மூடியில் கருவியை வைத்துக் கீழ்நோக்கிக் கத்தவைக்கிறார்கள். தண்ணீர் 70 செண்டிமீட்டர் கீழே இருந்தால், தொட்டியில் இருப்பது 30 செண்டிமீட்டர் நீர். சரியான கணக்கு. ஒரு நாள் கம்பி கழன்றுவிடுகிறது. கருவி 0 என்கிறது. நிரல் 100இலிருந்து 0ஐக் கழித்து, “தொட்டி நிறைந்திருக்கிறது” என்று சொல்லிவிடுகிறது. நீர் இறைக்கும் பம்பு ஓடுவதில்லை. வேலை முடிந்து வியர்வையோடு வரும் வீட்டார் குழாயைத் திறக்கிறார்கள், காற்றுதான் வருகிறது. ஆகவே, 0 வந்தால் அதைத் தூரமாக எண்ணக் கூடாது. தனியாகப் பிரித்தெடுத்து, “அளக்க முடியவில்லை” என்று சிவப்பு விளக்கை ஏற்றச் சொல்ல வேண்டும். ரோபோவாக இருந்தால், தொடர்ந்து மூன்று முறை 0 வந்தால், “நில்” என்று சொல்ல வேண்டும். காது கேட்காதபோது ஓடக் கூடாது. மௌனத்தை விடையாகக் கொள்ளக் கூடாது என்பது மனிதர்க்கும் பொருந்துகிற பாடந்தானே!

தொட்டியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதாரண எச்.சி.எஸ்.ஆர். 04 கருவி ஈரம் தாங்காது. தொட்டிக்கென நீர் புகாத வகை உண்டு. ஆனால், அந்த வகை 20, 25 செண்டிமீட்டருக்கும் அருகில் இருப்பதைச் சரியாக அளக்காது. ஆகவே, நிறைந்த தொட்டியின் நீருக்கும் கருவிக்கும் இடையே அவ்வளவு இடைவெளியாவது இருக்கும்படி அதை உயர்த்தி வைக்க வேண்டும். சாதாரணக் கருவிக்கு இந்த எல்லை 2 செண்டிமீட்டர்.

மூன்றாவது காரணம், நம் வெயில். வெப்பம் கூடக் கூடக் காற்றில் ஒலி விரைவாக ஓடும். ஒரு பாகை கூடினால் வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். பல நூல்களில் ஒலியின் வேகம் 343 மீட்டர் என்றும், 58ஆல் வகுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கும். அது 20 பாகை வெப்பநிலைக்குரிய கணக்கு. கேமரன் மலையின் குளிருக்கு அது பொருந்தலாம். சமவெளித் தோட்டத்தின் நண்பகலுக்குப் பொருந்தாது. இரண்டு மீட்டர் தூரத்தை அந்தக் கணக்குப்படி அளந்தால், ஏறத்தாழ 3 செண்டிமீட்டர் குறைவாகக் காட்டும். கருவி கெட்டுவிட்டது என்று பிள்ளை எண்ணும். கெட்டது கருவியன்று. வேறு ஊர் வெப்பநிலைக்குரிய எண்ணை நம் ஊரில் போட்டதுதான் காரணம்.

நான்காவது, திடீரென்று வரும் பொய் விடை. சுவர் சாய்வாக இருந்தால் ஒலி வேறு பக்கம் தெறித்துவிடும். எதிரே திரைச்சீலையோ மெத்தையோ இருந்தால், ஒலியை அது விழுங்கிவிடும். சில நேரம் பக்கத்துச் சுவரில் பட்ட ஒலியும் வந்து சேரும். ஐந்து முறை அளந்தபோது 84, 85, 212, 85, 86 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இவற்றைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 110 வருகிறது. 110 செண்டிமீட்டரில் எந்தப் பொருளும் இல்லை! ஒரு பொய் மற்ற நான்கு உண்மைகளையும் கெடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக, ஐந்தையும் சிறிது முதல் பெரிது வரை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். 84, 85, 85, 86, 212. நடுவில் இருப்பது 85. அதுவே உண்மையான தூரம். ஒரு முறை கத்தியதற்கும் மறுமுறை கத்துவதற்கும் இடையே 60 மில்லி வினாடியாவது விட வேண்டும். இல்லாவிட்டால் முந்திய கத்தலின் எதிரொலி பிந்தி வந்து குழப்பும்.

இனி, கம்பி இணைப்பைப் பற்றி இரண்டொரு சொல். கருவிக்கு நான்கு கால்கள். ஒன்று 5 வோல்ட்டு மின்சாரத்திற்கு, ஒன்று தரை இணைப்புக்கு, ஒன்று டிரிக், ஒன்று எக்கோ. ஊனோ பலகையோடு நேராக இணைக்கலாம். ஆனால், இப்போது கம்பியில்லாத் தொடர்பு உள்ள வேறு பலகைகளும் வந்திருக்கின்றன. அவற்றில் பல 3.3 வோல்ட்டு மட்டுமே தாங்கும். அவற்றில் 5 வோல்ட்டு எக்கோ காலை நேராகச் செருகினால் பலகையே பழுதாகிவிடலாம். எக்கோ காலிலிருந்து 1,000 ஓம் மின்தடை ஒன்று வழியாகப் பலகைக்குக் கொண்டுவந்து, பலகையின் அந்தக் காலிலிருந்து 2,000 ஓம் மின்தடை ஒன்றைத் தரை இணைப்போடு சேர்த்துவிட்டால், 5 வோல்ட்டு 3.3 ஆகக் குறைந்துவிடும். இரண்டு மின்தடைகளின் விலை சில காசுகள். பலகையைக் காப்பாற்றுவது அவைதான். பேட்டரியோடும் கணினியின் யு.எஸ்.பி. கம்பியோடும் விளையாடலாம். வீட்டுச் சுவரில் இருக்கும் மின்சாரத்தைப் பிள்ளைகள் இந்தப் பலகையோடு இணைக்கவே கூடாது. பம்பு ஓட்டும் திட்டமாக இருந்தால், அந்தப் பகுதியை மின்வினைஞரிடம் விட்டுவிட வேண்டும்.

சற்றுத் தேறிய பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. விருந்தாளி வருவாரென்று வீட்டு வேலை அனைத்தையும் விட்டுவிட்டு வாசலிலேயே நிற்பது ஒரு முறை. “அவர் வந்ததும் குரல் கொடு” என்று காவலரிடம் சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்பது மற்றொரு முறை. பல்ஸ்இன் முதல் முறையைச் சேர்ந்தது. இரண்டாம் முறைக்கு ஊனோ பலகையின் 2ஆம் காலும் 3ஆம் காலும் காவலரைப் போல வேலை செய்யும். எக்கோவில் மின்சாரம் ஏறியதும் பலகையைத் தட்டி எழுப்பும். பலகை மணி பார்த்துக் குறித்துக்கொள்ளும். இறங்கியதும் மறுபடி தட்டும், மறுபடி குறித்துக்கொள்ளும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் துடிப்பின் நீளம். இடையில் சக்கரத்தைக் கவனிக்க நேரம் கிடைக்கிறது. இந்தக் கடிகாரம் ஊனோவில் 4 மைக்ரோ வினாடிக்கு ஒரு முறைதான் முன்னேறும். ஆனால், அது தூரக் கணக்கில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கவலை வேண்டாம்.

நேயர்களே, துடிப்பின் நீளத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு இந்த ஒரு கருவி மட்டுமா கைவசமாகிறது? ரிமோட் விளையாட்டுக் காரில் உள்ள வாங்கி, தன் சர்வோ மோட்டாருக்கு இதே முறையில்தான் ஆணை தருகிறது. பொதுவாக 1,000 மைக்ரோ வினாடித் துடிப்பு ஒரு கோடி, 2,000 மைக்ரோ வினாடித் துடிப்பு மறு கோடி, 1,500 நடு. ஏறத்தாழ 20 மில்லி வினாடிக்கு ஒரு முறை ஆணை வரும். காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் டி.எச்.டி. 22 என்ற கருவியோ, துடிப்பை எழுத்தாகவே பயன்படுத்துகிறது. சுமார் 27 மைக்ரோ வினாடி நீடித்தால் 0, சுமார் 70 நீடித்தால் 1. இப்படி 40 துடிப்புகளில் வெப்பமும் ஈரமும் எழுதி அனுப்பப்படுகின்றன. அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளை, நாற்றுமேடைக்கு எப்போது தண்ணீர் தேவை என்று சொல்லும் கருவியையும் ஒரு நாள் செய்யக்கூடும்.

இதில் பெற்றோர் செய்யக்கூடியது என்ன? “எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது, கணினி தெரியாது” என்று ஒதுங்கிவிடாதீர்கள். அளவு நாடா பிடிக்கத் தெரியும் அல்லவா? அது போதும். ஒரு பலகையைச் சுவராக நிறுத்துங்கள். நாடாவால் 20, 50, 100, 200 செண்டிமீட்டர் தூரங்களைத் தரையில் கோடு கிழித்துக் குறியுங்கள். பிள்ளை ரோபோவை ஒவ்வொரு கோட்டிலும் வைக்கட்டும். கருவி சொல்வதை உரக்கப் படிக்கட்டும். நாடா சொல்வதையும் கருவி சொல்வதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்துப் பக்கமாக எழுதுங்கள். அன்றைய வெயிலையும் நேரத்தையும் ஓரத்தில் குறியுங்கள். எல்லா இடத்திலும் இரண்டு மடங்கு வந்தால், போய்வரும் தூரத்தைப் பாதியாக்க மறந்திருக்கிறது. எல்லா இடத்திலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு குறைந்தால், வெயிலின் கணக்கு. 0 வந்தால், முதலில் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு முறை மட்டும் பெரிய எண் வந்தால், நடு எண்ணை எடுக்கச் சொல்லுங்கள். இத்தனையும் ஒரு மாலை நேரத்து வேலைதான்.

மரத்தைத் தொட்டுப் பார்த்தே பட்டையின் ஆழம் சொல்பவர்கள் நம்மில் எத்தனைப் பேர்! செம்பனைக் குலையை அண்ணாந்து பார்த்தே பழுத்ததா இல்லையா என்று சொல்பவர்கள் எத்தனைப் பேர்! அளப்பதும், அளந்ததைச் சரிபார்ப்பதும், ஒரு முறை தவறினால் மறுமுறை பார்ப்பதும் நமக்குப் புதியவை அல்ல. பிள்ளையின் கையில் இருக்கும் கருவிதான் புதியது. மகனிடம் மட்டுமல்ல, மகளிடமும் அந்தப் பெட்டியைக் கொடுங்கள். சுவரில் முட்டிய ரோபோவைப் பார்த்துப் பிள்ளை, “எனக்கு வராது” என்று சொல்ல வாயெடுக்கும்போது, “எத்தனை மைக்ரோ வினாடி வந்தது, அதைச் சொல்” என்று கேளுங்கள். காரணம் அந்த எண்ணில்தான் இருக்கும். தேடினால் அகப்படும்.